ராஜாவின் வாசலில் பேவின் அம்மா பட்டினி கிடந்த கதை

ஒரே ஒரு ஊரில், நம்ம ஊர் இல்லை, கடலுக்கும் அந்தப் பக்கம், அதற்கும் அந்தப் பக்கம், அயர்லாந்து என்று ஒரு தேசம், வெயில் என்ன விலை என்று கேட்கிற தேசம், காலையில் மழை, மத்தியானம் மழை, சாயங்காலம் சாரல், அங்கே ஒரு ஏரிக்கரையில் பேவின் அம்மா என்று ஒரு கன்னியாஸ்திரி இருந்தாள். பெரிய புனிதை. புனிதை என்றதும் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பூ மாதிரிப் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தேசத்துப் புனிதர்கள் வேறு ரகம். ஆண்டவரிடமே பேரம் பேசுகிற ஆட்கள். பேவின் அம்மா அதிலும் ஒரு படி மேலே. அவள் குரலை உயர்த்தினால் ஏரியில் வாத்துக்கூட வாயை மூடிக்கொள்ளும்.

அவளுடைய மடம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. சுள்ளியைப் பின்னி, களிமண்ணைப் பூசி, மேலே புல்லை வேய்ந்த நாலு குடிசை. ஒரு கை மணி. அப்புறம் ஊர் ஒதுக்கிவைத்த பெருநோய்க்காரர்கள். அவர்களைக் கண்டால் மற்றவர்கள் காற்றடிக்கிற திசை பார்த்து ஒதுங்கிப் போவார்கள், பேவின் அம்மா மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், புண்ணைக் கழுவி, பால் ஊற்றிக் கொடுப்பாள். சோற்றுக்கு வழி இல்லாத நாள் உண்டு, பால் இல்லாத நாள் கிடையாது. ஏனென்றால் அவளிடம் ஒரு பசு இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, காது ரெண்டும் சிவப்பு. அந்த ஊரில் அதற்கு வைத்த பேர் நமக்கு வாயில் நுழையாது, நாம் வெள்ளச்சி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளச்சி கறந்தால்தான் அந்த மடத்தில் பத்துப் பேர் உயிரோடு இருப்பார்கள். கறக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சீமைக்கு ராஜா, பெரதாக். ஆள் நல்ல உயரம், சிவப்பு மீசை, கழுத்து எருதுக் கழுத்து. அந்தத் தேசத்தில் ஒருத்தன் பணக்காரனா என்று தெரியவேண்டுமென்றால் தங்கம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், மாடு எத்தனை என்றுதான் கேட்பார்கள். பெரதாக்குக்கு மலைச்சரிவு முழுக்க மாடு. கறுப்பு மாடு, செவலை மாடு, புள்ளி மாடு. ஆனால் வெள்ளை உடம்பும் சிவப்புக் காதுமாய் ஒன்றுகூட இல்லை. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு.

ஒரு நாள் வெள்ளச்சி என்ன பண்ணியது, மேய்ந்துகொண்டே ஓடையைத் தாண்டி, ராஜாவின் புல்வெளியில் போய் ரெண்டு வாய் புல் தின்றுவிட்டது. மாட்டுக்கு எல்லை தெரியுமா? மழைக்குத் தெரியுமா? மீனுக்குத் தெரியுமா? ராஜாவுக்குத் தெரியும். இதற்காகவே காத்துக்கொண்டிருந்தவன் மாதிரி ஆளை அனுப்பி, பசுவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தன் கொட்டிலில் கட்டிவிட்டான்.

அன்றைக்கு மடத்தில் நின்னித் என்கிற கிழவன், பெருநோய்க்காரன், மூக்கு மழுங்கிப்போனவன், ஆனால் நாக்கு மட்டும் கூர் மழுங்காதவன், காலிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பால் வரல. ஆனா ராஜாவோட ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு ஒரு சந்தேகம்" என்றான்.

பேவின் அம்மாவுக்கு வந்ததே கோபம். செருப்பும் போடவில்லை, மேல்துண்டும் எடுக்கவில்லை. மணியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நோயாளிகளெல்லாம் பின்னாலேயே தடி ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மட்டும் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்கள், பால் போன இடத்துக்குத்தானே வயிறும் போகும்.

ராஜாவின் கோட்டை என்பது வட்டமாய் மண்ணைக் குவித்து, மேலே மரக்கழி நட்ட கோட்டை. வாசலில் நின்று மணியை அடித்தாள் பாருங்கள், உள்ளே நாய் குலைக்க, வாத்து கத்த, ராஜா வெளியே வந்தான்.

"என்னம்மா, ஊரைக் கூட்டறே?"

"என் மாட்டைக் கொடு."

"உன் மாடு என் புல்லைத் தின்னுச்சு."

"ரெண்டு வாய் புல்லு. அதுக்குப் பதிலா ஒரு கட்டு புல்லு அறுத்துக் கொண்டுவந்து போடறேன். மாட்டைக் கொடு."

"ஒரு நல்ல செவலைக் கன்னு தர்றேன், எடுத்துக்கிட்டுப் போ."

"கன்னு எப்போ வளர்ந்து எப்போ கறக்கிறது? இவங்களுக்குப் பசி இன்னிக்கு. மாட்டைக் கொடு."

"ஆடு ஒரு மந்தை தர்றேன்."

"ஏம்ப்பா, உன் கொட்டிலில இருக்கிறதைக் கேக்கத்தான் வந்தேன், சந்தைக்கு வந்த மாதிரி எதையெதையோ காட்டறியே! மாட்டைக் கொடு."

"முடியாது போ!" என்று ராஜா கதவைச் சாத்தினான்.

பேவின் அம்மா திரும்பிப் போகவில்லை. வாசலுக்கு நேராக, ஈரப் புல்லில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மணியை மடியில் வைத்துக்கொண்டாள். "நின்னித், நான் உண்ணாவிரதம் உட்கார்ந்துட்டேன். சாட்சி நீதான்" என்றாள்.

கேட்டதும் வாசல் காவல்காரன் முகம் வெளுத்துப்போய் உள்ளே ஓடினான். ஏன் என்கிறீர்களா? அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம். எளியவனுக்கு வலியவன் அநியாயம் செய்தால், எளியவன் போய் அவன் வாசலில் பட்டினி உட்காரலாம். உட்கார்ந்துவிட்டானா, வீட்டுக்குள்ளே இருக்கிறவன் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. ஒன்று, பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையா, அவனும் பட்டினி கிடந்து, யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் ஒருத்தி பசியோடு இருக்க, உள்ளே சாப்பிட்டான் என்று தெரிந்ததோ, அவ்வளவுதான். அப்புறம் அவன் சொல்லுக்கு ஊரில் மதிப்புக் கிடையாது. ராஜாவானால்தான் என்ன, ஒருத்தனும் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

கோட்டையில் தூகல் என்று ஒரு நியாயக்காரர், தாடி இடுப்பு வரைக்கும், சட்டமெல்லாம் மனப்பாடம். அவர் சொன்னார், "ராஜா, ஒரு மாடுதானே, கொடுத்துட்டு எல்லாரும் சாப்பிடலாம். அடுப்பில பன்னி வெந்துக்கிட்டிருக்கு."

"நான் கொடுத்தா ஒரு பொம்பளைக்குப் பயந்தேன்னு ஆயிடும். அவ குருவி, நான் எருது. யார் முதல்ல சாயறான்னு பார்ப்போம். நானும் பட்டினி" என்றான் ராஜா.

நியாயக்காரர் அடுப்புப் பக்கம் ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

முதல் நாள் ராஜா யோசித்தான், இவளுக்கு வாசனை காட்டினால் போதும், தானாக வாயைத் திறப்பாள் என்று. சமையல்காரனைக் கூப்பிட்டு, நெய் வழிய வழியச் சுட்ட பன்றித் தொடை ஒன்றை அவள் மூக்கருகே வைத்துவிட்டு வரச் சொன்னான். சமையல்காரன் கொண்டுபோய் வைத்தான்.

"இது எனக்கா?" என்றாள் பேவின் அம்மா.

"ஆமா தாயே, ராஜா அனுப்பினார்."

"எனக்குன்னு கொடுத்தாச்சு இல்லே? இனி இது என்னுது இல்லே? சாப்பிடக் கூடாதுன்னுதான் சட்டம், தானம் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்லே தாயே."

"நின்னித், எல்லாரையும் கூப்பிடு."

நோயாளிகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அந்தத் தொடையை எலும்பு தெரியச் சாப்பிட்டார்கள். நின்னித் விரலை நக்கிக்கொண்டே, "உப்பு ஒரு இழை கம்மி, ராஜாகிட்டச் சொல்லிடு" என்றான். ராஜா பல்லைக் கடித்தான்.

ரெண்டாம் நாள், தொடையில் அசையாதவள் இனிப்பில் அசைவாள் என்று, தேனில் ஊறின ரொட்டியும் வெண்ணெயும் ஒரு கூடை அனுப்பினான். அதையும் வாங்கினாள், அதையும் தன்னுடையது என்றாள், அதையும் பகிர்ந்து கொடுத்தாள். சேதி கேட்டுப் பக்கத்து ஊர்ப் பிச்சைக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். "நாளைக்கு என்ன வருமாம்?" என்று ஒருத்தி கேட்க, "எனக்கு ரொம்ப நாளா மீன்மேல ஆசை" என்று நின்னித் உரக்கச் சொன்னான், கோட்டைக்குள்ளே கேட்கிற மாதிரி. ராஜா காலைத் தரையில் உதைத்தான்.

மூன்றாம் நாள், வேறு யாரையும் நம்பாமல், ராஜாவே வந்தான். கையில் ஒரு தட்டு, தட்டில் ஆற்று மீன், அடி நீளம், மேலே மூலிகை தூவி, ஆவி பறக்கப் பறக்க. ரெண்டு நாள் பட்டினியில் அவன் கண்ணே உள்ளே போயிருந்தது.

"சாப்பிடு அம்மா. ஒரே ஒரு வாய்."

"நீ சாப்பிடேன்."

"நீ முதல்ல."

"வாசனை உன் மூக்குக்கும் போகுதா?" என்று கேட்டாள். ராஜா எச்சிலை விழுங்கினான். அது ஊருக்கே கேட்டது. "தட்டைக் கீழே வை. கைநடுக்கத்தில மீன் மண்ணில விழுந்திடப் போகுது. பாவம், நின்னித் ஆசைப்பட்டுக் கேட்டது."

மீனும் போயிற்று. ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளச்சியின் பாலைக் குடித்து ஏதோ உயிர் பிழைத்துக்கொண்டிருந்த கூட்டம், இப்போது அவன் வீட்டுப் பன்றியும் வெண்ணெயும் மீனும் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது! உள்ளே போய் ஒரு கத்துக் கத்தினான். "இனி ஒரு துணுக்கு வெளியே போகக் கூடாது! அடுப்பே மூட்டக் கூடாது! நான் பட்டினின்னா எல்லாரும் பட்டினி!"

அடுப்பு அணைந்தது. ராணி ரோனாத்துக்குப் பசி, வீரர்களுக்குப் பசி, வேட்டை நாய்க்குப் பசி. வாசலுக்கு வெளியே தானம் நின்றுபோய் நோயாளிகளுக்கும் பசி. கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சத்தம், வயிறு உறுமுகிற சத்தம்.

பேவின் அம்மாவுக்கும் அப்போது தலை சுற்றியது. மனுஷிதானே. அவள் தளர்ந்ததைப் பார்த்த நின்னித், "அம்மா, விட்டுடலாம். நாங்க பழையபடி பிச்சை எடுத்துக்கிறோம். உன்னை மண்ணில போட்டுட்டு அந்தப் பாலைக் குடிக்கவா?" என்றான். எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"போடா, நீயும் உன் அழுகையும்" என்றவள் வானத்தைப் பார்த்தாள். பார்த்து, சண்டை பிடிக்க ஆரம்பித்தாள். "ஆண்டவரே, கேக்குதா? பனியிலும் எழுந்து உமக்கு மணி அடிச்சேன். சங்கீதம் பாடினேன், என் குரலுக்கு அதுவே பெரிய தியாகம், பாடின எனக்கில்லே, கேட்ட உமக்கு. நீர் சொன்னீர்னுதான் இவங்க புண்ணைக் கழுவினேன். இப்போ ஒரு மாட்டுக்கு உம்மால வழி பண்ண முடியலையா? சரி, நானும் ஒண்ணு விட்டுக்கொடுக்கிறேன். இனிமே தொடை வலிக்குதுன்னு ஜெபத்தில உட்கார மாட்டேன், நின்னுக்கிட்டே சொல்றேன். அதுக்கு மேல இறங்க மாட்டேன். பார்த்துச் செய்யும்."

வானத்திலிருந்து லேசாகத் தூறல் போட்டது. "தண்ணி மட்டும் நல்லா ஊத்தத் தெரியுது" என்று முணுமுணுத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உள்ளே ராஜாவின் பாடு என்ன? தூண் அவனுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்தது, கேடயம் ரொட்டியாகத் தெரிந்தது, நியாயக்காரரின் தாடி வெண்ணெயாகத் தெரிந்தது. மெல்ல அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஐயா, சும்மா ஒரு சந்தேகம். பட்டினின்னா தண்ணி குடிக்கலாம் இல்லே?"

"குடிக்கலாம்."

"மாடு குடிக்கிறதும் தண்ணிதானே?"

"ஆமா."

"அப்போ மாட்டுக்குள்ளே போன தண்ணி வெள்ளையா வெளியே வந்தா…"

நியாயக்காரர் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். "ராஜா, பால் சாப்பாடு. குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்."

"இல்லே, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளா அவன்! விடிகிற நேரத்துக்கு, கறவைப் பெண்கள் வருவதற்குள், கொட்டிலுக்குள் நுழைந்தான். வேலைக்காரியைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும், அதனால் தனியாகப் போனான். இங்கேதான் இன்னொரு வழக்கம். அந்தத் தேசத்தில் ராஜா கையால் வேலை செய்யக் கூடாது. மண்வெட்டியைத் தொட்டானா, மண்வெட்டுகிறவனுக்கு என்ன மதிப்போ அதுதான் அவனுக்கும். கோடரியைத் தொட்டானா, விறகுவெட்டியின் மதிப்பு. பசி வந்தவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? இருந்தது. ஞாபகம் இருந்துதான் கறவைச் சட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மலைச்சரிவில் இருந்த மாடெல்லாம் காட்டு மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கொட்டிலில் நின்றது வெள்ளச்சி ஒன்றுதான். ராஜா மடியைப் பிடித்து இழுத்தான். ஒரு சொட்டு வரவில்லை. தடவிக் கொடுத்தான். வரவில்லை. அதட்டினான். வெள்ளச்சி சட்டியை ஒரு உதை விட்டது, அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. வந்த நாளிலிருந்து அது யாருக்கும் கறக்கவில்லை, கறவைப் பெண்கள் மூணு பேரும் அதனிடம் உதை வாங்கியிருந்தார்கள்.

ராஜா வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பசி, தலைசுற்றல், மாட்டின் வெதுவெதுப்பான மூச்சு. அப்போது அவனுக்கு என்னவோ ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. அந்தத் தேசத்தில் ராஜா வீட்டுப் பிள்ளை அரண்மனையில் வளராது, வேறொரு வீட்டில் கொடுத்து வளர்ப்பார்கள். பெரதாக்கை வளர்த்தவள் ஒரு மாட்டுக்காரி. அவள் கறக்கும்போது பாடுவாள். சின்னப் பையனாய் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டது. வாயில் அந்தப் பாட்டு தானாகவே வந்தது.

"வாடி என் மகளே, மலையிறங்கி வாடி,
மேகத்தைத் தின்னவளே, மெல்ல இறங்கி வாடி,
பிள்ளைக்கொரு வாய், பிச்சைக்கொரு வாய்,
மிச்சமிருந்தா எனக்கொரு வாய், வாடி."

குரல் என்ன குரல், கல்லை மண்வெட்டியால் சுரண்டின மாதிரி. ஆனால் வெள்ளச்சி காதை ஆட்டியது. திரும்பிப் பார்த்தது. அப்புறம் விட்டது பாருங்கள் பாலை! சர்சர்ரென்று சட்டி நிறைந்து, நுரை வழிந்து, வைக்கோல் நனைந்தது. ராஜா கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான், பால் வருகிறது, பாடுகிறான், வருகிறது. வளர்த்தவள் நினைப்பில் கண்ணில் தண்ணீரும் வருகிறது. அப்படியே சட்டியைத் தூக்கி மடமடவென்று குடித்தான்.

குடித்து, அப்பாடா என்று மீசையைத் துடைக்கத் திரும்பினால், கொட்டில் வாசலில் கோட்டை முழுக்க நிற்கிறது. பசியில் யாருக்குத் தூக்கம் வந்தது? முன்னால் ராணி ரோனாத், பக்கத்தில் நியாயக்காரர், பின்னால் வீரர்கள், கறவைப் பெண்கள், நாய்கள்.

"என்னங்க," என்றாள் ராணி, "கல்யாணம் ஆன நாளிலேர்ந்து உங்க வாயில ஒரு பாட்டுக் கேட்டதில்லே. இவ்வளவு நல்லாப் பாடுவீங்கன்னு மாட்டுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

"அது… தண்ணிதான்… கொஞ்சம் வெள்ளையா…" என்றான் ராஜா. மீசையில் நுரை அப்படியே நின்றது.

நியாயக்காரர் தாடியை உருவினார். "வாசலில் ஒருத்தி பசியோட இருக்கும்போது குடிச்சாச்சு. அதனால இனி உன் பேச்சைக் கேக்கணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லே. கறவைச் சட்டியைக் கையால தொட்டாச்சு. அதனால இனி உன் மதிப்பு கறவைக்காரி மதிப்பு. சட்டத்தை நான் எழுதல, ராஜா."

கறவைப் பெண்களில் மூத்தவள் உடனே, "அதென்ன, எங்க மதிப்புன்னா மட்டமா? நாங்க உதை வாங்கியும் இதைத் திருடிக் குடிக்கலையே!" என்றாள். ஒரு வீரன் ஈட்டியைச் சுவரில் சாத்தினான். "எனக்குப் பசிக்குது, நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். இன்னொருவனும் சாத்தினான். மூன்றாமவனும் சாத்தினான். ராஜாவின் ராஜ்யம் அப்படி அவன் கண்ணெதிரே, ஈட்டி ஈட்டியாகச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது.

"இதுக்கு வழியே இல்லையா?" என்றான்.

"ஒரே வழி. பட்டினி உட்கார்ந்தவ மன்னிச்சாத்தான் உண்டு" என்றார் நியாயக்காரர்.

ராஜா வெள்ளச்சியைக் கயிறு பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தான். "இந்தா அம்மா, உன் மாடு."

பேவின் அம்மா அவன் மீசையைப் பார்த்தாள், மாட்டின் மடியைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துபோயிற்று. பட்டினியில் கண் இருண்டாலும் பேரத்தில் அவளுக்குக் கண் தெளிவு.

"மாட்டைக் கேட்டு வந்த அன்னிக்கு ஒரு விலை. இன்னிக்கு விலை வேற."

"என்ன அம்மா இது, மாட்டைத்தானே கேட்டே?"

"அன்னிக்குக் கொடுத்திருந்தா ஒரு கட்டுப் புல்லு நான் உனக்கு அறுத்துப் போட்டிருப்பேன். இப்போ நீ வந்து கேக்கிறது மாட்டை இல்லே, உன் மானத்தை. கேட்டுக்கோ. முதல்ல, மாடு என்னுது. ரெண்டாவது, இப்பவே அடுப்பை மூட்டு, கோட்டையில இருக்கிறவங்க சாப்பிடட்டும், இங்கே இருக்கிறவங்க சாப்பிடட்டும், கடைசியா நீ. மூணாவது, தினம் விடிஞ்சதும் என் மடத்துக்கு நடந்து வந்து, உன் கையால இந்த மாட்டைக் கறந்து, இவங்களுக்கு ஊத்திக் கொடுக்கணும். ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா! ஆறு மாசம்."

"ஒன்றரை வருஷம்."

"ஐயோ, ஏறுதே! ஒன்பது மாசம் அம்மா."

"ரெண்டு வருஷம்."

"ஒரு வருஷம், ஒரு வருஷம்!" என்று ராஜா அலறினான். சுற்றி நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஆனா கையால வேலை செஞ்சா என் மதிப்புப் போயிடுமே?" என்றான் பாவமாக. பேவின் அம்மா நியாயக்காரரைப் பார்த்தாள். அவரும் அணைந்து கிடக்கிற சமையல்கட்டையே பார்த்துக்கொண்டு, "நோயாளிக்கும் பசிச்சவனுக்கும் செய்யற வேலையில ராஜா மதிப்புக் குறையாது. இன்னிக்கிலேர்ந்து அதுவும் சட்டம். சீக்கிரம் ஒத்துக்கோ, எனக்குக் கண்ணை இருட்டுது" என்றார்.

அப்புறம் ராஜா அங்கேயே புல்லில் மண்டியிட்டு, எல்லார் முன்னிலையிலும், வெட்கத்தை விட்டுவிட்டுப் பாடி, ஒரு கோப்பை பால் கறந்து, பேவின் அம்மாவிடம் நீட்டினான். பட்டினி போட்டவன் கையால்தான் பட்டினியை முடிக்க வேண்டும். அவள் ரெண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள், "ஆண்டவரே, பேரம் முடிஞ்சுது. இனி நின்னுக்கிட்டே ஜெபம், என் தொடை பாவம்" என்றாள். வீரர்கள் ஈட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நின்னித், "உப்பு இந்தத் தடவையாவது சரியா இருக்கட்டும்" என்று சமையல்காரனுக்குச் சத்தம் கொடுத்தான்.

அன்றிலிருந்து ராஜா தினமும் வந்தான். மழையானாலும் வந்தான், பனியானாலும் வந்தான், திருநாளானாலும் வந்தான். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு கோப்பையை நீட்டினான். அப்புறம் மூக்கைப் பொத்தாமல் நீட்டினான். அப்புறம் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் ஒரு கோப்பை குடித்தான், நின்னித் அவன் பாட்டைக் கிண்டல் பண்ண, அவன் நின்னித்தின் மூக்கைக் கிண்டல் பண்ண. வயிறு மெலிந்து, கன்னம் சிவந்து, ஆளே இளைஞன் மாதிரி ஆகிவிட்டான்.

வருஷம் முடிந்தது. கெடு தீர்ந்தது. மறுநாள் விடிந்ததும் பேவின் அம்மாவே சட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியைத் தொட்டாள். ஒரு சொட்டு இல்லை. சங்கீதம் பாடினாள். வெள்ளச்சி காதை மடக்கிக்கொண்டது. திட்டினாள். அதுவோ தலையைத் திருப்பி ஏரிக்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது. நோயாளிகள் எல்லாரும் காலிக் கோப்பையோடு வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். பேவின் அம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாதை நடுவில் போய் நின்றாள்.

பார்த்தால், தூரத்தில் பனிமூட்டத்துக்குள்ளே கரகரவென்று ஒரு பாட்டு. அப்புறம் சிவப்பு மீசை. அப்புறம் ராஜா, மூச்சு வாங்க வாங்க.

"ஏம்ப்பா, இவ்வளவு நேரமா?" என்று கத்தினாள்.

"கெடுதான் நேத்தோட முடிஞ்சுபோச்சே அம்மா! இன்னிக்கு வரணும்னு யாரும் சொல்லலையே. படுத்திருந்தேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் எழுந்து வந்தேன்."

"கெடு உனக்கும் எனக்கும்தான். மாட்டுக்கு யாருப்பா சொன்னது? போ, போ, உட்கார்ந்து பாடு!"

ராஜா ஓடிப்போய் உட்கார்ந்தான், பாடினான், வெள்ளச்சி பாலைச் சொரிந்தது, கோப்பையெல்லாம் நிறைந்தது. சாகிற வரைக்கும் அவன்தான் கறந்தான் என்று சொல்கிறார்கள். ராஜாவாகவும் இருந்தான், நல்லாவும் இருந்தான். வாசலில் ஒருத்தர் பசியோடு இருக்கும்போது உள்ளே ஒளிந்து குடித்தால் அந்தப் பால் மீசையில் நின்று காட்டிக்கொடுத்துவிடும், கூட உட்கார்ந்து குடித்தால் உடம்பில் ஒட்டும், அவ்வளவுதான் விஷயம்.

அவர்கள் அங்கே பாலைக் குடித்தார்கள், நாம் இங்கே கதையைக் குடித்தோம். கோப்பையைக் கவிழ்த்தாச்சு, கண்ணை மூடுங்கள்.